வெள்ளை உரித்தவர்

செஞ்சியில் வெள்ளையடிக்க நல்ல ஆள் யார் என்று கேட்டால், அந்தக் காலத்தில் எல்லோரும் பீரங்கிமேட்டில் அப்துல் சுக்கூர் பாயின் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். கூடவே ஒரு அடையாளமும் சொல்வார்கள். தெருவிலேயே அழுக்கேறிப்போன சுவர் எந்த வீட்டுக்கு இருக்கிறதோ அதுதான் அவர் வீடு. ஊருக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டு வருகிற மனுஷனுக்குத் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தால் கை வலிக்கும். அவர் மனைவி சாஜிதா இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அவர் பிறந்ததிலிருந்து கோட்டை எதிரிலேயே இருந்தது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோட்டையின் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்குள் ஆடு ஓட்டிக்கொண்டு போவார்கள், விறகு பொறுக்குவார்கள், துவைக்கிற கல் வேண்டுமென்றால் நல்லதாக ஒன்றைப் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டும் வருவார்கள். இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஒரு கோட்டைக் கல் கிடந்தது.

சுக்கூர் பாய் கோட்டையிலிருந்து எதையும் எடுத்துவந்ததில்லை. அவர் போட்டுவிட்டுத்தான் வந்தார். செட்டிகுளத்துக்குப் போகிற வழியில், புதருக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்தது. ஒரே ஒரு கூடம், மேற்குச் சுவரில் வளைவு வைத்த ஒரு மாடம், அவ்வளவுதான். நோன்புப் பெருநாளுக்கு நாலு நாள் முன்னால் அதற்கு வெள்ளையடிப்பது அவருடைய குடும்பத்து வேலை. அவர் அடித்தார், அவருக்கு முன் அவரைப் பெற்ற அத்தா அடித்தார், அவருக்கும் முன்னால் அவருடைய அத்தா. அதற்கு மட்டும் யாரும் கூலி வாங்கியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் அந்த வழக்கம் நின்றது. சர்க்கார் தொல்பொருள் இலாகாவிலிருந்து வந்து வாசலில் ஒரு நீலத் தகரப் பலகையை நட்டார்கள். இது பாதுகாக்கப்பட்ட சின்னம், இனி யாரும் இதில் கை வைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கை வைக்காமல் எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று சுக்கூர் பாய்க்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்து ஒரு சுவரைக் காப்பாற்றுவது என்றால் அதற்கு வெள்ளையடிப்பதுதான். அடுத்த பெருநாளுக்குச் சுவர் மங்கலாக இருந்ததைப் பார்த்து, யாரோ தன்னைச் சபையில் திட்டியதுபோல் கூனிக் குறுகி நின்றார்.

அறுபத்தைந்தில் அந்த இலாகாவிலிருந்து தனசேகரன் என்று ஒரு அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும், ஒல்லி, எதைப் பார்த்தாலும் அதைத் தட்டிப் பார்க்கிற ஆள். அந்தப் பள்ளிவாசலின் மாடத்தருகே வெள்ளை பெயர்ந்த இடத்தில், விரல் நகமளவு, சாந்தில் செய்த ஒரு சுதை இலை எட்டிப் பார்த்ததைக் கண்டுபிடித்துவிட்டார். கோட்டை வாட்ச்மேன் ராஜாங்கத்திடம் இந்த வெள்ளையை எடுக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டார். "அடிச்ச ஆளையே கூப்ட்டுக்கினு வரேன் சார், அவருக்குத்தான் அது எங்க பிடிச்சிருக்குது, எங்க பிடிக்கலன்னு தெரியும்" என்று ராஜாங்கம் சுக்கூர் பாயை அழைத்துவந்தார்.

"பாய், நீங்க எத்தனை தடவை இதுக்கு வெள்ளையடிச்சிருப்பீங்க?"

"நான் இருவத்திரண்டு தரம் சார். எங்க அத்தா அடிச்சது அதுக்குக் கீழ. அவரோட அத்தா அடிச்சது இன்னும் கீழ கெடக்குது."

"அத்தனையும் எடுக்கணும்."

சார் விளையாடுகிறார் என்று நினைத்து சுக்கூர் பாய் சிரித்தார். தனசேகரன் சிரிக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடை வைத்திருந்த நூர் முகமது அவருக்கு உறவு. வாயைக் கட்டத் தெரியாத மனுஷன். "அல்லாவோட வூட்டுக்கு அடிச்ச வெள்ளைய சுரண்டறதுக்கு சம்பளமா? உங்க அத்தா பார்த்தா இன்னா சொல்லுவாரு?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார்.  சுக்கூர் பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். மறுநாள் காலையில் வேலைக்கும் போனார்.

இரும்பே கூடாது என்று தனசேகரன் சொல்லிவிட்டார். மூங்கில் சிம்பு, சின்ன மரச்சுத்தி, ஈரத்துணி, இவைதான் சாமான்கள். சுவரை லேசாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்கவேண்டும். பிடிப்பு விட்ட இடம் பொத்தென்று சத்தம் கொடுக்கும், அங்கே சிம்பை நுழைத்து நெம்பவேண்டும். முதல் மூன்று நாள் தனசேகரன் சொல்லிக் கொடுத்தார். நாலாம் நாள் சுக்கூர் பாய் தட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளை வெங்காயத் தோல்மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. ஒவ்வொரு தோலும் சுக்கூர் பாய்க்கு எந்த வருஷத்தது என்று தெரிந்தது. சுண்ணாம்பில் கலக்கிற நீலம் அதிகமாகப் போய் வானம் மாதிரி இருந்தது அவருக்குக் கல்யாணமான வருஷம். அன்றைக்கு யோசனை எங்கேயோ இருந்ததால் நீலத்தை வாரிக் கொட்டியிருந்தார். வெள்ளையடிக்கிற மட்டையின் நார் ஒட்டிக்கொண்டிருந்தது, அத்தா இறந்தபின் அவர் தனியாக அடித்த முதல் வருஷம். அதற்குக் கீழே அத்தாவின் தோல்கள் வந்தன. மெல்லியவை, வழவழப்பானவை, எங்கேயும் சொட்டு விழுந்திருக்கவில்லை. அத்தாவின் கை எவ்வளவு சுத்தம் என்று அவர் உயிரோடு இருந்தபோது சுக்கூர் பாய் கவனித்ததே இல்லை. அதை இப்போது கவனித்து, அத்தா அடித்ததைத் தானே உதிர்க்கிறோமே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார்.

அப்புறம் ஒருநாள் கொடி வெளியே வந்தது. மாடத்து வளைவின் இடது பக்கம் அடியிலிருந்து கிளம்பி, இலை இலையாக விட்டு மேலே ஏறிப்போகிற சுதைக் கொடி. இடையிடையே மாதுளம்பூ. எந்தக் கொத்தனார் செய்தாரோ, இதழின் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்துவிட்ட தடம்கூட அப்படியே இருந்தது. சுக்கூர் பாய் சிம்பைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சுண்ணாம்பில் பிழைக்கிறவர். அந்த மடிப்பை எப்படிச் செய்திருப்பார்கள் என்று அவர் விரல் தானாக அசைத்துப் பார்த்தது.

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனார். யார் வந்தாலும் கூப்பிட்டுக் காட்டினார். மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஜனங்கள், பஸ்ஸுக்கு நேரமிருந்தால் கோட்டைக்குள் எட்டிப் பார்ப்பதுண்டு. நெற்றி நிறைய குங்குமத்தோடு வருகிற பெண்களைக்கூட, "வாம்மா, செருப்ப அங்க உட்டுட்டு உள்ள வந்து பாரு" என்று அழைத்துவந்து, எது அத்தா அடித்த வெள்ளை, எது பழைய பூ என்று விளக்கினார். நூர் முகமதுகூட ஒருநாள் கடையை அடைத்துவிட்டு வந்து பார்த்தார். மறுநாள் சுக்கூர் பாயிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

இடது பக்கம் அஞ்சு பூ. அதற்கு ஜோடியாக வலது பக்கமும் ஒரு கொடி, அங்கே மேலிருந்து கீழே வேலை நடந்தது. ஒவ்வொரு பூவாக வெளியே வந்தது. நாலாவது பூவை எடுத்துவிட்டு சுக்கூர் பாய் நின்றுவிட்டார். வலது பக்கத்து அடி மூலையை மட்டும் விட்டுவிட்டு, ஜன்னல் பக்கச் சுவருக்குப் போய்விட்டார். அந்த மூலையில் அஞ்சாவது பூ இருக்கிறது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஏனென்றால் அதைச் சாந்து போட்டு மூடியவரே அவர்தான்.

அது ஐம்பத்தேழாம் வருஷத்துப் பெருநாளுக்கு முந்தின நாள், வெள்ளையடித்து முடித்திருந்த சமயம். மேலே ஒழுக்கு விழுந்து அந்த மூலையில் மட்டும் பழைய வெள்ளையெல்லாம் கரைந்து, உள்ளிருந்து ஒரு பூ வெளியே தெரிந்தது. பெருநாளும் அதுவுமாகச் சுவர் இப்படிப் பொக்கையாக இருக்கிறதே என்று, நல்ல எண்ணத்தில்தான், அதன்மேல் ஒரு சாண் அகலத்துக்குச் சாந்தை அப்பி மட்டமாக்கிவிட்டார். கூட வந்திருந்த மகள் முன்னி, வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சு வயசு. தூசி தட்டவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை, அவசரமாகப் பூசிவிட்டு அவர் வாளியைக் கழுவப் போன நேரத்தில், முன்னி ஈரச் சாந்தில் தன் வலது கையை வைத்து அழுத்திவிட்டாள்.

சுண்ணாம்பு சும்மா விடுமா? கை எரிகிறது என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். சாஜிதா அவளைத் தூக்கி மடியில் போட்டு, தேங்காய் எண்ணெயை அந்த உள்ளங்கையிலும் விரல் விரலாகவும் தடவிவிட்டாள். "சின்னப் புள்ளய சுண்ணாம்புல கை வைக்க உட்டுட்டு அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று அவரைத் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த பங்குனியில் ஊரில் வைசூரி வந்தது. முன்னி அதில் போய்விட்டாள். அந்தப் பெருநாளுக்கு சுக்கூர் பாய் மட்டையைத் தொடவில்லை. நூர் முகமதுதான் அடித்தார். மூலையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையின் மேலேயே அடித்துவிட்டார். பலகை நடுவதற்குள் மேலும் இரண்டு வெள்ளை விழுந்தது. முன்னிக்குப் போட்டோ கிடையாது. அவளுடைய சட்டை ஒன்று இருந்தது, அதுவும் எலி கடித்துவிட்டது. அந்தச் சுவரில் மூன்று தோலுக்குக் கீழே இருந்த கைதான் அவள் விட்டுப்போன ஒரே அடையாளம். அதை எடுத்தால்தான் பூ வெளியே வரும்.

தனசேகரன் ஒருநாள் அந்த மூலையைக் காட்டிக் கேட்டார். "இங்கயும் ஒரு பூ இருக்கணுமே பாய்?"

"இல்ல சார். ஒழுக்கு உழுந்து அது உதிர்ந்துபோச்சு. நான்தான் சாந்து வச்சு அடைச்சேன்."

பாதி உண்மை, பாதி பொய். நாற்பது வருஷத்தில் வேலை விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். தனசேகரன் அதை நம்பினார். "அப்போ சாம்பிளுக்கு அதையே விட்டுடலாம்" என்றார். எந்தச் சுவரைச் சுத்தம் செய்தாலும் ஒரு சாண் இடத்தை அப்படியே விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். முன்னே எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டுமாம். சுக்கூர் பாய்க்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி யாரும் அந்தக் கையைத் தொடமாட்டார்கள்.

யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில் மூன்று தோலையும் தானே உரித்தார். மூன்றும் ஒரே தகடாகக் கழன்று விழ, கை வந்தது. அஞ்சு விரல், சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் விலகி. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். போகும்போது ஒரு சாக்கைப் போட்டு அந்த மூலையை மறைத்தார்.

மறுநாள் சாஜிதாவை அழைத்துவந்தார். அந்தப் பள்ளிக்குள் அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து பழக்கமில்லை. அவள் வாசலிலேயே நின்றாள். "இப்ப இது இலாகா கட்டடம், சும்மா வா" என்று அவர்தான் உள்ளே கூப்பிட்டார். அவள் முதலில் என்னவென்று தெரியாமல் பார்த்தாள். தெரிந்ததும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். "அவ மூஞ்சிகூட எனக்குச் சரியா நெனப்பு வர்றதில்லைங்க. கை நெனப்பிருக்குது" என்றாள்.

கிளம்பும்போது கேட்டாள். "மத்த எடத்துலல்லாம் பூ இருக்குதே, இதுக்குக் கீழ?"

அவளிடம் அவரால் மறைக்க முடியவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"இருக்கட்டும். அது பூதானே. இது எம்புள்ள" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். சுக்கூர் பாய்க்கும் அதுதான் சரி என்று பட்டது.

அடுத்த அமாவாசைக்கு ஒரு கூட்டம் வந்தது. வழக்கம்போல் அவர் கொடியைக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் பூவாயி என்று ஒரு அம்மாள், நல்ல வாய்த் துடுக்கு. விரல் நீட்டி எண்ணினாள்.

"இந்தப் பக்கம் அஞ்சு. அந்தப் பக்கம் நாலு. கட்டனவன் ஒண்ண மறந்துட்டான் போல கீது."

"பொழுது போயிருக்கும், கூலிய வாங்கிக்கினு ஓடியிருப்பான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

சுக்கூர் பாய்க்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கொத்தனார் மறக்கவில்லை. ஓடவும் இல்லை. ஒவ்வொரு இதழையும் கட்டைவிரலால் மடித்துவிட்டுப் போன மனுஷன். பொழுது போகிறது என்று ஓடியவன் நான், தூசி தட்டாமல் பூசியவன் நான், கெட்ட பேர் அவனுக்கா என்று நினைத்தார். ஜனங்கள் போனபிறகும் அந்தச் சிரிப்பு அவர் காதைவிட்டுப் போகவில்லை. தான் இருக்கிறவரை இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், தனக்குப் பின்னாலும் வருகிறவர்கள் எல்லோரும் எண்ணிப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது.

மறுநாள் தனசேகரனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பூவை மூடியது, பொய் சொன்னது, கை. தனசேகரனுக்குக் கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு மூலைக்குப் போய்க் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். 

"நான் எடுக்கச் சொல்ல மாட்டேன் பாய்" என்றார்.

"நான் எடுக்கறேன் சார். எம் பொண்டாட்டிக்கிட்ட சொல்லிட்டு எடுக்கறேன்."

சாஜிதா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "நானும் வரேன். ஒடைஞ்சா எங் கண்ணு முன்னாடி ஒடையட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

உடைந்து சிதறாமல் இருக்க, சாந்தின் மேல் தனசேகரன் மெல்லிய துணியை ஒட்டினார். சுக்கூர் பாய் ஓரத்தில் தட்டிக் காதை வைத்தார். சுற்றிலும் பொத்தென்று சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் தூசி தட்டாமல், நீர் தெளிக்காமல் பூசியதால் அது பழைய சுதையோடு சரியாக ஒட்டவே இல்லை. அவர் செய்ததிலேயே மோசமான வேலை. நாலு பக்கமும் சிம்பை நுழைத்து நெம்பியதும், ஒரு சாண் சாந்தும் ஒரே வில்லையாக, உடையாமல் சாஜிதாவின் மடியில் வந்து இறங்கியது. தனசேகரன் துணியை நனைத்து எடுத்துவிட்டார்.

சுவரில் பூ இருந்தது. ஆனால் ஒழுக்குத் தண்ணீர் உள்ளேயே இறங்கியிருந்ததால் அடியில் இரண்டு இதழ் மாவாகிப் போயிருந்தன. துணியால் தொட்டதும் கொட்டிவிட்டன.  இத்தனை பாடுபட்டு மூளிப் பூதானா என்று சுக்கூர் பாய்க்கு மனசு விட்டுப்போயிற்று.

சாஜிதாதான் மடியில் கிடந்த வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். "இங்க பாருங்க" என்றாள். ஒரு பக்கம் முன்னியின் கை. மறுபக்கம் அந்தப் பூ, முழுசாக, குழிவாகப் பதிந்திருந்தது. அன்றைக்கு ஈரச் சாந்து பூவைக் கவ்விப் பிடித்திருக்கிறது. போன இரண்டு இதழின் ஓர மடிப்புகூட அதில் இருந்தது.

தனசேகரன் துள்ளிவிட்டார். "புதுசா எதையும் செய்ய எனக்கு அனுமதி இல்லை பாய். ஆனா இது புதுசு இல்லையே, அந்தக் கொத்தனாரோட அச்சு" என்றார். சுக்கூர் பாய் கிளிஞ்சல் சுண்ணாம்பை மணல் சலித்துச் சேர்த்து அரைத்தார். இந்தத் தடவை சுவரைத் தூசி தட்டி, நீர் தெளித்து, ஊறவிட்டார். புதிய சாந்து அச்சில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் பூசவேண்டும் என்றார். சாஜிதா வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

இதழ் இருந்த இடத்தில் சாந்தை வைத்து, வில்லையைப் பழைய இடத்தில் பொருத்தினார்கள். பலகை வைத்து அழுத்தினால் உடைந்துவிடும், கையால்தான் அழுத்தவேண்டும். சுக்கூர் பாயின் இரண்டு கையும் வில்லையின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"நடுவுல நீ அழுத்து" என்றார் மனைவியிடம்.

சாஜிதா தன் வலது கையைக் கொண்டுபோய் முன்னியின் கையின்மேல் வைத்தாள். அவளுடைய விரல்கள் அந்தச் சின்ன விரல்களைத் தாண்டி வெளியே நீண்டன. கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அழுத்தினாள். போதும் என்று அவர் சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. தனசேகரன் வெளியே போய் நின்றுகொண்டார்.

வில்லையை எடுத்தபோது பூ முழுசாக இருந்தது. இரண்டு இதழ் மட்டும் கொஞ்சம் வெளுத்து, இது பின்னால் சேர்த்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறமாதிரி இருந்தது. தனசேகரன் நோட்டில், பிற்காலப் பூச்சு ஒன்று அகற்றப்பட்டது என்று எழுதினார். "அகற்றின பூச்சையெல்லாம் குப்பையில கொட்டறதுதான் வழக்கம். குப்பைய யார் எடுத்துட்டுப் போறாங்கன்னு நான் பார்க்கறதில்ல" என்று கோட்டை மதிலைப் பார்த்துச் சொன்னார்.

சாஜிதா வில்லையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருந்தது. விரலால் அதைத் தொட்டு, அந்த உள்ளங்கையில் தடவினாள். அப்புறம் விரல் விரலாக, சுண்டுவிரல் வரைக்கும் தடவினாள். அவர் பக்கத்தில் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னப் புள்ளய சுண்ணாம்புல கை வைக்க உட்டுட்டு, அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றாள்.